களையெடுக்க ஆள் இல்லாத கரிசல்

விருதுநகர் மாவட்டத்தில் காட்டு வேலை எனப்படும் விவசாயக் கூலி வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற முறையீடு, மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களில் தொடங்கி ஊர் மந்தைப் பேச்சு வரை பல ஆண்டுகளாக ஒலித்துவருகிறது. இதே காலத்தில், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு வேலை தேடி வருவோரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற குரலும், அவர்கள் இல்லாவிட்டால் எந்த வேலையும் நடக்காது என்ற மறுகுரலும் மாநிலம் முழுவதும் மோதிக்கொண்டிருக்கின்றன. முதலாவது நிலத்தைப் பற்றிய கவலை, இரண்டாவது குடிபெயர்வைப் பற்றிய வழக்கு. ஆயினும் இரண்டும் கூலி என்னும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள வழியில்லை.

1985ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிடைப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளில் கண்மாய்ப் பாசனமும் பிளவக்கல் அணைகளின் நீரும் இருப்பதால் நெல்லும் தென்னையும் மாவும் விளைகின்றன. அங்கிருந்து கிழக்கே சாத்தூர், வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி என்று செல்லச் செல்ல நிலம் கரிசலாகி, விவசாயம் மானாவாரியாகிவிடுகிறது. மானாவாரி என்பது கிணறோ வாய்க்காலோ இன்றி, பெய்யும் மழையை மட்டுமே நம்பிச் செய்யப்படும் வெள்ளாமை. பருத்தி, மக்காச்சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் ஆகியவை இந்நிலத்தின் பயிர்கள்.

மானாவாரி நிலத்துக்கு வேலையாள் ஆண்டு முழுவதும் தேவைப்படுவதில்லை. தேவைப்படும் சில நாள்களிலோ தவணை சொல்ல முடியாது. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த காட்டில் முதல் மழைக்குப் பயிரும் களையும் சேர்ந்தே முளைக்கின்றன. அடுத்த 15, 20 நாள்களுக்குள் களையை எடுத்தாக வேண்டும். மழை ஓய்ந்தவுடன் இறங்கினால் கரிசல் மண் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. காய விட்டால் பாளம் பாளமாக இறுகிக் களைக்கொத்தி இறங்க மறுக்கிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே ஈரம் பதமாக நிற்கும் மூன்று நான்கு நாள்களில், சம்சாரிகள் எனப்படும் ஊர் விவசாயிகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த நாள்களில் பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, பயிரின் தூர் அசையாமல் களையை மட்டும் கொத்தி எடுத்து நகரும் வேலைக்கு இணையான இயந்திரம் சிறு சம்சாரியின் கைக்கெட்டும் விலையில் இன்னும் வந்து சேரவில்லை. பருத்தி எடுப்பும் இத்தகையதே: செடியில் காய்கள் ஒருசேர வெடிப்பதில்லை என்பதால், அதே காட்டுக்குள் பலமுறை இறங்கி, வெடித்த சுளையை மட்டும் தூசு படாமல் எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கைகள் எங்கே போயின என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, 100 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்யநாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே வேரூன்றின. மழை குறைந்த வறண்ட வானிலை பட்டாசு உலர்வதற்கு உதவியது. பொய்த்துப்போகும் விவசாயம் குறைந்த கூலிக்கு ஆளைத் தந்தது. இன்று நாட்டின் பட்டாசு உற்பத்தியில் சுமார் 90 விழுக்காடு சிவகாசி வட்டாரத்தில் நடைபெறுவதாகக் கணக்கிடப்படுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் சுற்றுவட்டாரங்களில் விடியற்காலையில் ஊர் ஊராக நுழைந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் ஆலை வேன்கள், அதே நேரத்தில் களையெடுப்புக்கு ஆள் கூப்பிட வீடு வீடாகச் செல்லும் சம்சாரிக்கு நேர்ப் போட்டியாக நிற்கின்றன.

காட்டு வேலையின் நாள்காட்டியும் ஆலையின் நாள்காட்டியும் ஒன்றோடொன்று உரசும் விதம் கவனிக்கத்தக்கது. தீபாவளி ஐப்பசியில் வருவதால், ஆவணியும் புரட்டாசியும் பட்டாசு ஆலைகளில் வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்கள். அவையே மானாவாரி நிலத்தில் உழவும் விதைப்பும் நடக்கும் மாதங்களும் ஆகும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்க, மழைக்காலத்தில் வெயிலின்றி உற்பத்தியும் குறைய, அப்போது கைகள் காட்டுக்குத் திரும்பிக் களையெடுப்பும் அறுப்பும் நடந்தன. ஒன்றையொன்று தாங்கிப்பிடித்த இந்த ஏற்பாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால், அடுத்த தீபாவளிக்கான வேலை முன்கூட்டியே தொடங்குவதும், ஆலைகள் முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடித்துவைப்பதும், ஊரிலுள்ள இளம்வயதினர் காட்டு வேலையைக் கற்றுக்கொள்ளாமலேயே வளர்வதும் அதை ஆண்டுக்காண்டு தளர்த்திவருகின்றன.

பட்டாசு வேலை பாதுகாப்பானது என்பதால் மக்கள் அதை நாடவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பின்னும் விபத்தில்லாத ஆண்டு இல்லை. உரிமம் பெற்றவர் தமது ஆலையின் அறைகளைப் பிறருக்கு விதிகளை மீறி வாடகைக்கு விடும் உள்குத்தகை முறையும், அனுமதித்ததைவிடக் கூடுதலான ஆட்களையும் வெடிமருந்தையும் ஓர் அறைக்குள் திணிப்பதும் விசாரணைதோறும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. உயிருக்கு உலை வைக்கும் இவ்வேலையைத் தெரிந்தே ஒரு பெண் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அவர் விட்டுவந்த காட்டு வேலை அவருக்கு என்ன தந்தது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆலையில் நிழல் உண்டு. எண்ணிக்கைக்கேற்ற கூலி உண்டு. வாரக் கடைசியில் கையில் பணம் உண்டு. காட்டு வேலையில் மழை பெய்தால் கூலி இல்லை, மழை பெய்யாவிட்டாலும் கூலி இல்லை. களையெடுக்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் கணிசமாகக் குறைந்த கூலி என்பது எழுதப்படாத சட்டமாகவே நீடித்துவந்திருக்கிறது. இவற்றுக்கு மேல், நிலமுடையவர் முன் நிலமற்றவர் கைகட்டி நின்ற சாதிய உறவின் நினைவும் காட்டு வேலையோடு சேர்ந்தே வருகிறது. வேனில் ஏறிப் போவதில் அந்த உறவிலிருந்து ஒரு விடுதலையும் இருக்கிறது என்பதை, ஆள் கிடைக்கவில்லை என்று வருந்துவோர் பெரும்பாலும் பேசுவதில்லை.

நூறு நாள் வேலை எனப்படும் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் மீதே பழி முழுவதையும் சுமத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இத்திட்டம், 2008 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டபோது விருதுநகருக்கும் வந்தது. தமிழ்நாட்டில் இதில் வேலை செய்தோரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். 2025-26ஆம் ஆண்டுக்கு நாளொன்றுக்கு 336 ரூபாய் கூலி அறிவிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற விதி, கிராமத்துக் கூலிப் பேரத்தில் பெண்ணுக்கு முதன்முறையாக ஒரு பிடிமானத்தைத் தந்தது. ஆண்டுக்கு நூறு நாள் என்பது உச்சவரம்பாக இருந்தது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவும் முழுமையாகக் கிடைத்ததில்லை. காட்டு வேலையின் கூலியை உயர்த்தியதில் இத்திட்டத்துக்குப் பங்குண்டு என்பது உண்மை. அதை ஒரு குற்றமாகக் கருதுவதற்கு நியாயமில்லை.

பற்றாக்குறை என்ற சொல்லையும் இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தமாகப் பயிரிடுவோர் சுமார் 51 லட்சம் பேர், விவசாயத் தொழிலாளர் சுமார் 86 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் பயிரிடுவோர் 42 லட்சமாகக் குறைய, தொழிலாளர் 96 லட்சமாகக் கூடினர். ஆள் கிடைக்கவில்லை என்ற புகார் வலுத்த அதே பத்தாண்டில் விவசாயக் கூலிகளின் எண்ணிக்கை கூடியிருப்பது முரண்போலத் தோன்றினாலும், அதற்கு விளக்கம் உண்டு. விலை சொல்லாமல் ஒரு பொருளின் தட்டுப்பாட்டைப் பேச முடியாததுபோல, கூலியைச் சொல்லாமல் ஆள் தட்டுப்பாட்டையும் பேச முடியாது. இத்தனை ரூபாய்க்கு, இந்த நாளில், இந்த வெயிலில், இந்த மரியாதையோடு வருவதற்கு ஆள் இல்லை என்பதே முழு வாக்கியம். இதற்காகச் சம்சாரியை மட்டும் குற்றம்சாட்டுவதும் பொருந்தாது. விதை, உரம், உழவுக் கூலி அனைத்தும் ஏறிய அளவுக்குப் பருத்திக்கோ மக்காச்சோளத்துக்கோ விலை ஏறவில்லை. மழை பொய்த்தால் போட்ட முதலே மண்ணாகிவிடுகிறது. கூடுதல் கூலியைக் கொடுக்க மனமிருந்தாலும் காடு அதற்கு இடங்கொடுப்பதில்லை.

இந்த நெருக்கடிக்குச் சம்சாரிகள் தமக்குத் தெரிந்த வழிகளில் விடை தேடியிருக்கின்றனர். பருத்தியை விட்டுவிட்டு, ஆள்செலவு குறைந்த மக்காச்சோளத்துக்கு மாறியவர் பலர். ஆனால் 2018இல் படைப்புழு அப்பயிரைத் தின்றுதீர்த்தது, எஞ்சியதைக் காட்டுப்பன்றி உழப்புகிறது. நெல் விளையும் மேற்குப் பகுதியில் அறுவடை இயந்திரம் வந்துவிட்டதால் அறுப்புக்கு ஆள் தேவை பெரும்பாலும் ஒழிந்துபோயிற்று. கிழக்கே திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கம் எளிய வழி ஒன்று இருக்கிறது: நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவது. தரிசில் சீமைக்கருவேலம் தானே முளைக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதை வெட்டி, மண்பூசி மூட்டம் போட்டுக் கரியாக்கினால், பயிர் தராத பணத்தைக் கருவேலம் தந்துவிடுகிறது. களைகளிலேயே மிக மோசமானதை வெள்ளாமையாக ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு ஒரு வட்டாரம் வந்திருப்பதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையின் ஆழத்தைக் காட்டும் சான்று வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர் இந்தக் களத்துக்குள் வரும் இடம் எது என்பது இனிப் பார்க்க வேண்டியது. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2021-22இல் விவசாயக் கூலியாக வேலைசெய்யும் ஆணுக்குக் கிடைத்த சராசரி நாள்கூலி தமிழ்நாட்டில் சுமார் 446 ரூபாய், கேரளத்தில் 727 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 218 ரூபாய். நாட்டின் சராசரி 323 ரூபாய். இந்த இடைவெளிதான் தமிழ்நாட்டுக்காரரைக் கேரளத்துக்கும், கங்கைச் சமவெளியில் உள்ளவரைத் தமிழ்நாட்டுக்கும் இழுக்கிறது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.4, பீகாரில் 3.0 என்பதால், இந்த ஓட்டம் வருங்காலத்தில் பெருகுமே தவிரக் குறையாது. இராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில் வட மாநிலத்தவர் வேலை செய்வது இன்று வியப்பான செய்தியன்று. காவிரி டெல்டாவில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நெல் நடவு செய்கின்றன.

அதே குழுக்கள் கரிசல் காட்டுக்கு ஏன் வருவதில்லை என்பதில்தான் இந்த விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருபவருக்குத் தொடர்ந்து வேலை வேண்டும், தங்க இடம் வேண்டும், ஊருக்கு அனுப்பும் அளவுக்குக் கூலி மிஞ்ச வேண்டும். டெல்டாவின் நடவு, வயலுக்கு வயல் நகர்ந்து வாரக்கணக்கில் நீடிக்கக்கூடியது. மானாவாரிக் களையெடுப்போ எந்த நாளில் தொடங்கும் என்பதே மேகத்தின் கையில் இருக்கிறது. ஆகவே வெளியூர்த் தொழிலாளர் வந்து நிரப்புவது பெரும்பாலும் ஆலையின் இடத்தை. காட்டின் வெற்றிடம் அப்படியே இருக்கிறது. அவர்கள் வருவதால் காட்டு வேலைக்காரரின் பிழைப்புப் பறிபோகிறது என்ற வாதமும், அவர்கள் வந்தால் விவசாயம் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையும் விருதுநகரின் மானாவாரிக்குப் பொருந்தவில்லை.

ஒரு நாடு பிற நாட்டவருக்கு வகுப்பதுபோன்ற குடிவரவுச் சட்டத்தை இந்தியாவுக்குள் ஒரு மாநிலம் இயற்ற முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், அங்கே குடியிருக்கவும், தொழில் செய்யவும் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை தருகிறது. நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம், மணிப்பூர் ஆகியவற்றில் நடைமுறையிலுள்ள உள்நுழைவு அனுமதிச் சீட்டு முறையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்று தமிழ்த் தேசிய அமைப்புகள் சில கோரிவருகின்றன. அம்முறை 1873இல் ஆங்கிலேய அரசு எல்லைப்புற மலைப்பகுதிகளுக்கென வகுத்த ஒழுங்குவிதியிலிருந்து வந்தது. தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூரார்க்கு ஒதுக்கிய அரியானா மாநிலச் சட்டத்தை, பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்று அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, பலர் அச்சத்தில் ஊர் திரும்பினர், பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது, தொழில்துறையினர் பதறிப்போயினர். வதந்தி ஒன்று சில நாள்களில் இவ்வளவு செய்துவிட்டதென்றால், அத்தொழிலாளர் இங்கே எவ்வளவு பாதுகாப்பற்றுத் தம்மை உணர்ந்திருந்தனர் என்பதும் சிந்திக்க வேண்டிய செய்தி.

இவ்விவாதத்தில் ஈடுபடும் தமிழர், தம் மூதாதையர் இதே வழக்கில் மறுபக்கம் நின்றதை மறந்துவிடலாகாது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்சேர்த்த சீமைகளில் மதுரையும் இராமநாதபுரமும் திருநெல்வேலியும் அடங்கும். கங்காணி என்பவர் முன்பணம் கொடுத்து ஊராரையும் உறவினரையும் கூட்டிச் சென்று, தோட்டத்தில் அவர்களை மேய்க்கும் தலையாள். தலைமுறைகள் உழைத்த அம்மக்களை 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று, அம்மக்களிடம் ஒரு சொல் கேளாமல், பங்குபிரித்தது. உழைப்பை வரவேற்று உழைப்பவரை ஏற்க மறுத்த அந்தக் கொள்கையின் காயம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பியோரின் வாழ்வில் இன்றும் ஆறவில்லை.

பிற நாடுகளின் பட்டறிவும் இதையே வேறு விதங்களில் காட்டுகிறது. அமெரிக்கா 1942 முதல் 1964 வரை பிரசெரோ என்ற திட்டத்தின்கீழ் மெக்சிகோவிலிருந்து லட்சக்கணக்கானோரைத் தோட்ட வேலைக்கு ஒப்பந்த முறையில் அழைத்துக்கொண்டது; இன்று எச்-2ஏ என்ற பருவகால அனுமதியின்கீழ் ஆள் எடுக்கும் பண்ணையார், முதலில் உள்ளூரில் ஆள் தேடியதைக் காட்ட வேண்டும், உள்நாட்டுக் கூலியைக் கீழே இழுக்காத ஒரு குறைந்தபட்சக் கூலியையும் வீட்டு வசதியையும் தர வேண்டும். அவ்விதிகள் முறையாகப் பின்பற்றப்படுவதில்லை என்ற குறை அங்கும் உண்டு. இந்தியாவில் பஞ்சாபின் நெல் நடவு பீகார்த் தொழிலாளரை நம்பி நடந்துவந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பிவிட, விவசாயிகள் பேருந்து அனுப்பி அவர்களை மீண்டும் அழைத்துவந்தனர், நடவுக் கூலியும் ஏறியது.

தமிழ்நாட்டுக்கு வரும் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமலில்லை. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும், தொழிலாளரின் பெயர் பதிவாக வேண்டும், பயணப்படி தரப்பட வேண்டும் என்றெல்லாம் கூறியது. அதன் இடத்துக்கு வந்திருப்பது 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம். இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்ததாரர் மூலமின்றித் தாமாக வருவோரையும் இது புலம்பெயர் தொழிலாளராகக் கருதுகிறது. ஆனால் பழைய சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. புதிய சட்டத்தின் அப்பிரிவுகளுக்குப் பத்துப் பேர் தேவை. பட்டாசு வட்டாரத்துக்கு இது சிறிய வேறுபாடன்று. பதிவைப் போலவே மொழியும் இங்கே உயிர்ப் பிரச்சினை: மருந்தை எவ்வளவு அள்ளலாம், எதை எதனோடு சேர்க்கக் கூடாது, அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற எச்சரிக்கை, கேட்பவரின் மொழியில் இல்லாவிட்டால் எச்சரிக்கையே இல்லை. வட மாநிலத்தவர் பட்டாசு வேலைக்கு வரத் தொடங்கியிருக்கும் இந்நாளில், பதிவேட்டில் பெயரில்லாமல் உள்குத்தகை அறைக்குள் செல்பவர் விபத்தில் இறந்தால், இழப்பீடு பெறுவதற்கே அவர் அங்கே இருந்தார் என்பதை அவர் குடும்பம் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

இதற்கிடையே நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு மாற்றாக, விபி-ஜி ராம் ஜி என்று சுருக்கமாக வழங்கும் புதிய சட்டம் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேலைநாள்களை 125 ஆக உயர்த்தும் இச்சட்டம், விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள்கள் வேலையை நிறுத்திவைக்கவும் வழிசெய்கிறது. அந்நாள்களை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட நாள்களையும் குறிக்கலாம். விவசாயத்துக்கு ஆள் கிடைக்கட்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். விருதுநகரில் அந்த 60 நாள்கள் எவை என்பதை முன்கூட்டியே யார் குறிப்பது? வத்திராயிருப்பின் நெல் அறுப்பும் திருச்சுழியின் களையெடுப்பும் ஒரே மாதத்தில் வருவதில்லை. மானாவாரிக் காட்டுக்கோ மழையைத் தவிர வேறு அறிவிப்பாணை கிடையாது. அந்நாள்களில் பொது வேலை நின்றுபோனாலும் ஆலை வேன் நிற்கப்போவதில்லை. ஆகவே இளம்வயதினர் வேனில் ஏறிவிட, வேனில் இடம் கிடைக்காத வயதான பெண்களே காட்டுக்கு மிஞ்சுவர், ஊரக வேலைக் கூலியைக் காட்டிப் பேரம் பேசும் வலுவும் அவர்களுக்கு அப்போது இராது. பெண்ணின் களைக்கூலியை ஆணின் கூலிக்கு நிகராக்கி, பொது வேலை நிற்கும் நாள்களில் அதற்கும் அறிவிக்கப்பட்ட ஊரகக் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே ஏற்பதென்றால், சிறு சம்சாரியும் பிழைப்பார், காட்டுக்கு வருவதற்கு அப்பெண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கும். அத்தகைய ஏற்பாடு எதுவும் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை.